பொருநை முகத்துவாரத்துச் சேசு சபை மடமும் தமிழ் அச்சும்

தோற்றுவாய்

பொதிய மலையிற் பிறந்து, பாபநாசத்தில் நிலத்தை அடையும் பொருநையாறு, அம்பாசமுத்திரம், முக்கூடல், சேரன்மாதேவி முதலிய ஊர்களின் வயல்களை வளஞ்செய்து, திருநெல்வேலியையும் சீவலப்பேரியையும் கடந்து, திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆற்றூர் வழியாகச் சென்று புன்னைக்காயலிற் கடலொடு கலக்கின்றது. முக்கூடலில் முத்துமாலை அம்மன் கோயிற் படித்துறையில் நாம் நீராடி விடும் நீரே புன்னைக்காயலில் உப்பு நீராகின்றது. ஆயினும், பாபநாசத்து அருவியைக் காணாதார் நம்முள் அரியர். புன்னைக்காயலைக் கண்டாரோ மிகச் சிலரே. ஆற்றின் தலையை அறிந்த நாம் அதன் கடையை அறியாதிருத்தல் தகாது. தமிழ் ஓலையை விட்டுக் காகிதத்தில் ஏறிய வரலாற்றிற் பெரும் பகுதி அக்கடையிலேதான் நிகழ்ந்தது.

நம் சங்கத்துப் பெரியோர் சிலர் நம் குலத்தின் வரலாற்றை ஒரு நூலாக எழுதி வெளியிடல் வேண்டுமென்று விரும்புகின்றனர். விருப்பம் மிக நன்று. ஆயின், ஒரு குலத்தின் வரலாறு எதனால் நிலைபெறுகின்றது, எதனால் அழிகின்றது என்பதை முன்னர் ஆராய்ந்து கொள்ளுதல் நலம். அதற்குச் சிறந்த சான்றொன்று நம் ஆற்றின் முகத்துவாரத்திலேயே உள்ளது. சேசு சபையார் என்னும் கத்தோலிக்கத் துறவிகள் 16-ஆம் நூற்றாண்டிற் புன்னைக்காயலிலும், அதன்பின் தூத்துக்குடியின் பழைய கடற்கரை நகரிலும் அமைத்த இல்லங்களின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம். நம்மவர் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், இது தமிழரனைவரும் அறிதற்குரிய செய்தியே ஆகும்.

கொற்கையும் காயலும்

பாண்டியரின் பழந்துறைமுகம் கொற்கை என்பது சிறுவரும் அறிந்தது. கிரேக்கரின் கடற்பயண நூலும், தாலமி என்னும் பூகோள ஆசிரியரின் நூலும் அத்துறையைக் கொல்கை என்னும் பெயராற் குறிக்கின்றன. பொருநை ஆண்டுதோறும் கொணர்ந்து கொட்டிய வண்டலாற் கடல் பின்வாங்கிற்று. கொற்கை நாட்டுப்புறத்துச் சிற்றூராயிற்று. அதன்பின் காயல் துறைமுகமாயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோபோலோ என்னும் வெனிசு நகரத்து யாத்திரிகர் அதன் செல்வச் சிறப்பையும், அங்கு வந்திறங்கிய குதிரைகளையும், முத்துக்குளிப்பையும் எழுதி வைத்தார். அக்காயலும் வண்டலால் தூர்ந்து பழையகாயல் எனப் பெயர் பெற்றது. அதற்குப் பின் கடலோரத்தில் எழுந்த துறையே புன்னைக்காயலாகும். இம்மூன்று துறைகளின் வரன்முறையை 1881-இல் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திரத்திற் கால்டுவெல் ஐயர் விளக்கியுள்ளார்.

இவ்வாறு ஆறே ஒரு துறையைப் படைத்து, அதனையே மண்ணால் மூடி, மற்றொன்றைப் படைத்து வந்தது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்க. மண்ணும் நீரும் எதனையும் நமக்காகப் பேணி வைப்பதில்லை.

பரதவர் எடுத்த முடிவு

வேம்பாறு முதல் மணப்பாடு வரையுள்ள துறைகளில் முத்துக்குளித்தலையும் மீன்பிடித்தலையும் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் பரதவர். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளிப்பு உரிமை பற்றி அவர்க்கும், கடல் வாணிகத்தில் வலிமை பெற்றிருந்த முகம்மதியர்க்கும் பெரும் பூசல் விளைந்தது. நாட்டை ஆண்ட அரசரோ பலர். அவரும் தம்முட் பகைத்திருந்தனர். காக்கும் கை காணாத அந்நிலையில், ஜான் தா குருசு என்னும் மலையாள நாட்டுக் குதிரை வாணிகர் கூறிய யோசனைப்படி, பட்டங்கட்டிகள் எனப்பெறும் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குத் தூது சென்று போர்ச்சுக்கீசியரின் துணையை வேண்டினர். அதன் பயனாக 1535-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் அக்கடற்கரை மக்கள் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றனர்.

இதனைச் சிலர் ஆசைகாட்டிச் செய்த மதமாற்றம் என்பர். சிலர் தெய்வச் செயல் என்பர். அவ்வாதத்துள் யாம் புகுவதில்லை. ஒரு குலத்தார் தம் தலைவர் வாயிலாகக் கூடி ஆராய்ந்து, தம் பிழைப்பையும் உயிரையும் காத்துக் கொள்ளும் பொருட்டு எடுத்த முடிவு இஃது என்பதே சரித்திர மாணவன் காண வேண்டுவது. அம்முடிவினால் வந்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பழைய பகைவரினின்றும் காத்தவர், முத்துக்குளிப்பின் வருவாயிற் பங்கு கொண்டனர். 1544-இல் தூத்துக்குடியில் அதிகாரம் செலுத்திய போர்ச்சுக்கீசியத் தலைவன் குடிகளைத் துன்புறுத்தியமையை அவன் சமயத்தவரான சவேரியாரே தம் மடல்களிற் கடிந்து எழுதியுள்ளார்.

சவேரியார் வருகை

சேசு சபை 1540-இல் உரோமாபுரியிற் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. அதன் முதல் உறுப்பினருள் ஒருவராகிய பிரான்சிசு சவேரியார் 1542-ஆம் ஆண்டு மே மாதத்திற் கோவைத் துறைமுகத்தை, அஃதாவது போர்ச்சுக்கீசியரின் கோவா நகரை, அடைந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் ஒருவாறறிந்த உள்ளூரார் சிலரைக் கூட்டி வைத்துச் செபங்களைத் தமிழிற் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணி, கையில் மணியொன்றை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்துக் கற்பித்தார். 1544-இல் வடுகர் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடிய மக்களுக்கு மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவேற்றிச் சென்றார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து அவர் தம் உடன்பணியாளருக்கு எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன.

இங்கு ஒன்று கருதற்பாலது. சேசு சபையார்க்கு மடல் எழுதுதல் ஒரு விதி. எங்கிருப்பினும் தாம் கண்டதையும் செய்ததையும் தலைமைக்கு எழுதி விடுத்தல் வேண்டும்; தலைமை அதனைப் பேணி வைத்தல் வேண்டும். 480 ஆண்டுகளுக்கு முன்னர் நம் கரையோரத்து மக்கள் பசித்திருந்த செய்தி இன்று நமக்குத் தெரிகின்றதென்றால், அஃது எந்தக் கல்வெட்டாலும் அன்று, கடுதாசியாலேயே ஆம்.

புன்னைக்காயல் மடம்

சவேரியார் சென்ற பின் அக்கரையில் நெடுங்காலம் பணிபுரிந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார். இவர் 1520-இற் போர்ச்சுக்கல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தவர். யூதர் வழி வந்தவர். அப்பிறப்புக் காரணமாக அந்நாட்டில் அவருக்குச் சில கதவுகள் அடைபட்டிருந்தன. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று. 1546-இல் இந்தியாவுக்கு வந்து, 1547-இல் முத்துக்குளித்துறையை அடைந்தார். 1549-இல் அப்பணிக்குத் தலைவராயிருந்த அந்தோனி கிரிமினாலி என்பவர் வேதாளையிற் படைவீரராற் கொல்லப்படவே, தலைமை ஹென்றிக்கஸ் அடிகளார்க்கு வந்தது.

அவர் காலத்திற் புன்னைக்காயல் அக்கரையின் தலைமை இடமாயிற்று. போர்ச்சுக்கீசியரின் சிறு கோட்டையும், குருமார் வாழ்ந்த மடமும், கோயிலும், சிறுவர் பள்ளியும், நோயாளர்க்கு மருத்துவசாலையும் அங்கே அமைந்தன. புதிதாக வந்த குருமார் தமிழ் பயிலும் இடமும் அதுவே. இக்காலத்து நகரங்களிற் காணப்படும் கல்லூரி, விடுதி, கோயில், நூல்நிலையம் என்னும் தொகுதிகளின் சிறு வித்து எனலாம்.

ஆயினும் அம்மடத்திற்கு அமைதி கிட்டவில்லை. 1553-இல் மலையாளக் கரையிலிருந்து வந்த கடற்படை புன்னைக்காயலைக் கைப்பற்றிற்று. ஹென்றிக்கஸ் அடிகளாரும் சிறைப்பட்டுப் பின் விடுபட்டார். 1560-ஐ ஒட்டி மதுரை நாயக்கர் படையால் மீண்டும் ஊர் அழிவெய்திற்று. மக்களுட் பலர் தோணியேறி மன்னார்த் தீவுக்குச் சென்றனர். அடிகளாரும் உடன் சென்று சில காலம் அங்கே வதிந்தார். பின்னர் மீண்டும் கரைக்கு வந்து பணியைத் தொடர்ந்தனர். கட்டியது இடிவதும், இடிந்தது எழுவதுமாகவே அம்மடத்தின் காலம் கழிந்தது.

அயலார் தமிழ் கற்ற முறை

ஹென்றிக்கஸ் அடிகளார் துபாஷியை நம்பிப் பேசுவதை விரும்பிலர். துபாஷி சொல்வது தாம் சொன்னதுதானா என்று அறியும் வழி வேண்டுமெனக் கருதித் தமிழ் பயிலத் தொடங்கினார். இலத்தீன் இலக்கணத்திற்போலப் பெயர்க்கு வேற்றுமையும் வினைக்குக் காலமும் இடமும் வகுத்துத் தமிழைத் தாமே ஒழுங்குபடுத்திக் கற்றமையை 1548-லும் 1549-லும் எழுதிய மடல்களிற் கூறுகின்றார். அம்முயற்சியே பின்னர்ப் போர்ச்சுக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கண நூலாயிற்று. ஐரோப்பியர் ஒருவர் எழுதிய தமிழிலக்கணங்களுள் நமக்குக் கிடைப்பனவற்றில் முற்பட்டது அதுவே.

அவ்விலக்கணம் தொல்காப்பியத்தையும் நன்னூலையும் கற்று எழுதியதன்று. கரையோரத்தார் வாயில் வழங்கிய சொல்லைச் செவியாற் கேட்டு எழுதியது. புலவர் இதனை இழிவாகக் கருதுதல் கூடும். யாமும் பண்டித முறையிற் பயின்றவரேம். ஆயினும் அதனை இழிவென்னோம். 16-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுத் தென்கரையார் வீட்டிலும் கடலிலும் எவ்வாறு பேசினர் என்பதை நம் செய்யுள் நூல்கள் காட்டமாட்டா. அதனை அந்நியர் ஒருவர் குறித்து வைத்தார். நம் பேச்சை நாம் எழுதத் தகுதியற்றதெனத் தள்ளினோம். தேவையுடையவன் எழுதிக் கொண்டான்.

தமிழ் அச்சேறிய வரலாறு

ஜெர்மனி தேசத்துக் கூட்டன்பர்க்கு என்பார் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் உலோக எழுத்துக்களால் விவிலிய நூலை அச்சிட்டார். அதன்பின் 100 ஆண்டிற்குள் தமிழ்ச் சொற்கள் அச்சேறின. 1554-இல் லிசுபன் நகரில், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்த செப நூலொன்று போர்ச்சுக்கீசிய மொழியுடன் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் வின்சென்டு நசரேத்து, ஜோர்ஜு கர்வாலோ, தோமா குருசு என்னும் மூவர், மூவரும் தமிழர்.

தமிழ் தன் எழுத்திலேயே அச்சேறியது 1578-இல். சேசு சபைச் சகோதரர் ஒருவர் 1577-இற் கோவாவில் வார்த்த எழுத்துக்களும், ஜான் தெ ஃபாரியா அடிகளார் 1578-இற் கொல்லத்தில் வார்த்த எழுத்துக்களும் கொண்டு, "தம்பிரான் வணக்கம்" என்னும் 16 பக்கச் சிறு நூல் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. அதனைத் தமிழாக்கியவர் ஹென்றிக்கஸ் அடிகளார். இந்திய எழுத்துக்களில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் இதுவே முதலாவது. 1579-இற் கொச்சியிற் "கிரீசித்தியானி வணக்கம்" வெளிவந்தது. 1586-இல் "அடியார் வரலாறு" என இக்காலத்தில் வழங்கும் பெருநூல், 600 பக்கங்களுக்கு மேற்பட்டது, வெளியாயிற்று. இந்நூல் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதென அறிஞர் கொள்வர். அங்ஙனமாயின், நம் பொருநைக் கரையே தமிழ் நாட்டின் முதல் அச்சுக்கூடம் இருந்த இடமாகும்.

"தம்பிரான்" என்னும் சொல்லை நோக்குக. சிவபிரானுக்கும், சைவ மடத்துத் துறவிகளுக்கும் வழங்கிவந்த அச்சொல்லையே தம் கடவுளுக்குப் பெயராக அவர் எடுத்துக் கொண்டார். சொல்லுக்குக் காப்பு வேலி இல்லை, பயன்படுத்துவோர்க்கு உரியதாகின்றது. பின்னாளில் தத்துவ போதகர் எனப்பெற்ற நோபிலி அடிகளார் "சருவேசுரன்" என்னும் வடசொல்லை விரும்பி மேற்கொண்டார். எழுத்து வடிவத்திலோ ஓலைச்சுவடி வழக்கமே அச்சிலும் தொடர்ந்தது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேற்றுமையின்றி நின்றன. அவ்வேற்றுமையை வரி வடிவிற் காட்டும் முறையை 18-ஆம் நூற்றாண்டில் வகுத்தவர், அதே சேசு சபையைச் சார்ந்த வீரமாமுனிவர்.

இனி நம் சங்கத்தார் சிறப்பாக நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. இவ்வச்சு வேலைக்குப் பொருளுதவியவர் யாவர்? போர்ச்சுக்கல் அரசர் மாத்திரம் அல்லர். முத்துக்குளித்துறைப் பரதவரே தம்முட் பணம் திரட்டி அளித்தனர். உயிரைப் பணயம் வைத்து மூச்சடக்கிக் கடலடியில் எடுத்த முத்தின் விலையில் ஒரு பங்கு தமிழெழுத்து வார்ப்பதற்குச் சென்றது. அம்மக்களுட் பெரும்பாலோர் அந்நூலைப் படிக்கவும் அறியார். எனினும், தம் மக்கள் படிப்பர் என்னும் நம்பிக்கையாற் கொடுத்தனர். முடியுடை வேந்தரும் பெருமடங்களும் செய்யாத ஒன்றைக் கடற்கரைக் குலமொன்று தன் சந்தாப் பணத்தாற் செய்து முடித்தது என்பது எக்குலத்தார்க்கும் பாடமாகும்.

தூத்துக்குடிப் பழைய நகரில்

ஹென்றிக்கஸ் அடிகளார் 1600-ஆம் ஆண்டு புன்னைக்காயலிற் காலமானார். 53 ஆண்டுகள் இக்கரையோடு தொடர்புடையவராய் வாழ்ந்தவர். அவர் உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கு அடக்கம் செய்யப்பெற்றது. அதற்குள்ளாகவே தூத்துக்குடி கரையின் முதன்மை நகரமாகி விட்டது. அந்நகரின் கடற்கரையோரத்திற் சேசு சபையார் தம் மடத்தை ஒட்டி 1582-இல் ஒரு கோயில் எடுத்தனர். அதுவே பின்னர்ப் பனிமய மாதா கோயிலெனப் புகழ்பெற்றது. அங்குள்ள மாதா திருவுருவம் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததென்பது மரபு.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாயக்கர் படை அந்நகரைத் தாக்கிக் கோயிலையும் மடத்தையும் தீக்கிரையாக்கிற்று. சேசு சபையார் மக்களை அழைத்துக்கொண்டு எதிரேயுள்ள முயல்தீவிற் குடியேறிச் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். மீண்டும் நகருக்கு வந்து கட்டினர். 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கவர்ந்தனர். அவர் புராட்டஸ்டண்டு மதத்தினர். கத்தோலிக்கக் குருமாரை நகரினின்றும் அகற்றினர். ஆயினும் மக்கள் தம் வழிபாட்டைக் கைவிட்டிலர். இறுதியில் ஒல்லாந்தரும் இசைய வேண்டியதாயிற்று. 1713-இற் பனிமய மாதாவுக்குப் புதிய கோயில் எழுந்தது. ஒல்லாந்தர் தமக்கென 1750-இற் கட்டிய கோயிலும் அதே பழைய நகரில் உள்ளது. 1825-இல் நகரம் ஆங்கிலேயர் கையில் வந்தது. 1982-இற் பனிமய மாதா கோயிலுக்குப் பசிலிக்கா என்னும் சிறப்புப் பட்டம் வழங்கப்பெற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5-ஆம் நாள் நடைபெறும் பெருவிழாவிற்குச் சாதி மத வேற்றுமையின்றி மக்கள் திரள்கின்றனர்.

கல்லைத் தேடிச் செல்வார்க்குத் தூத்துக்குடியில் இவ்வளவேனும் உண்டு. புன்னைக்காயலிலோ 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டையையும் மடத்தையும் அச்சுக்கூடத்தையும் காணுதல் இயலாது. படையும் வண்டலும் கடலும் தம் கடமையைச் செய்து முடித்தன.

சபை ஒடுங்கியதும் மீண்டதும்

சேசு சபையார்க்கு நேர்ந்த பேரிடர் பகைவர் படையினும் கொடியது. 1759-இற் போர்ச்சுக்கல் அரசு அவர்களைத் தன் ஆட்சிப் பகுதிகளினின்றும் வெளியேற்றியது. 1773-இற் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்டு சபையையே கலைத்தார். கட்டடங்களைக் காப்பார் இலர், பள்ளிகளை நடத்துவார் இலர், நூல்கள் சிதறுண்டன. இக்காலத்திற்கு முன்னர் அச்சபையார் தமிழுக்குச் செய்தவை பல. 1679-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டிற் புரோயென்சா அடிகளாரின் தமிழ்ப் போர்ச்சுக்கீசிய அகராதி அச்சாயிற்று. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். செய்யுள் நிகண்டுகளை மனப்பாடம் பண்ணியே சொற்பொருள் அறிந்து வந்த தமிழர், அகரவரிசையிற் சொல்லைத் தேடிக் காணும் எளிய வழியை அவற்றாற் பெற்றனர்.

1814-இல் ஏழாம் பயஸ் பாப்பரசர் சபையை மீட்டார். 1838-இற் பிரெஞ்சுச் சேசு சபையார் மதுரை மிஷனுக்கு வந்தனர். 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர் தொடங்கிய கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறித் தெப்பக்குளத்தருகே புனித வளனார் கல்லூரியாக விளங்குகின்றது. நம் ஜில்லாவின் பாளையங்கோட்டையில் 1923-இல் தூய சவேரியார் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டில் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, அம்மண்ணின் மைந்தரும் சேசு சபையாருமாகிய திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். பாளையங்கோட்டைக் கல்லூரியிற் பயின்று வெளிவந்தார் நம் குடும்பங்கள் பலவற்றில் உளர். அவர் கற்ற கல்விக்கு வித்து, முத்துக்குளித்துறையில் மணியொலித்துச் சிறுவரை அழைத்த அந்நாளிலேயே இடப்பட்டது எனலாம்.

நூல்கள் மீண்ட வரலாறு

இனி, அச்சிட்ட நூல்கள் என்னாயின என்று காண்போம். புன்னைக்காயலில் ஒரு படியும் எஞ்சவில்லை. கொல்லத்தில் இல்லை, கொச்சியில் இல்லை. நம் நாட்டு வெப்பமும் செல்லும் போரும் அவற்றை விட்டு வைக்கவில்லை. ஆனால் அந்நாளிற் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்ற படிகள் சில, நூல்நிலையப் பேழைகளில் எவரும் தொடாமலே பிழைத்துக் கிடந்தன. "தம்பிரான் வணக்கம்" இன்று அமெரிக்காவின் ஆர்வர்டு சர்வகலாசாலையில் இருக்கின்றது. "அடியார் வரலாறு" உரோமாபுரி வத்திக்கான் நூல்நிலையத்தில் இருக்கின்றது. புரோயென்சாவின் அகராதியும் அந்நூல்நிலையத்திலேயே காணப்பெற்றது.

இவற்றை உலகுக்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்துக்காரராயினும் தூத்துக்குடி மறைமாவட்டத்துக் குருவாகி, நம் பகுதியைச் சார்ந்த வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராயிருந்து, அங்கே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியவர். 1950-களில் ஐரோப்பிய நூல்நிலையங்களைத் தேடிச் சென்று, லிசுபனில் 1554-ஆம் ஆண்டு நூலையும், பிற அரிய படிகளையும் கண்டு எழுதினார். 1966-இற் புரோயென்சாவின் அகராதியை நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். "அடியார் வரலாறு" 1967-இற் சேசு சபைத் தமிழறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளாரால் மறுபதிப்புப் பெற்றது. ஹென்றிக்கஸ் அடிகளாரின் இலக்கணம் லிசுபன் நூல்நிலையத்திற் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஆர்வர்டு வரிசையில் வெளிவந்தது. அவர் அதனை எழுதி ஏறத்தாழ 460 ஆண்டுகள் கழிந்த பின் என்க.

எனவே, கல்லாற் கட்டிய மடம் அழிந்தது. காகிதத்தில் அச்சிட்டது பிழைத்தது. காகிதம் கல்லினும் வலியதென்பது இதன் கருத்தன்று. ஒரே பொருள் பல படிகளாகிப் பல இடங்களில் இருந்தமையாலும், இருந்த இடத்தில் ஒருவன் அதனைப் பட்டியலிற் குறித்து வைத்தமையாலும் பிழைத்தது.

நமக்குரிய படிப்பினை

நம் வீடுகளை நோக்குவோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி நம் ஜில்லாவுக்கு வந்த காலத்தில், திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் வீடுகளில் ஏடுகள் ஒழுங்காகப் பேணப்பட்டிருந்தமை கண்டு மகிழ்ந்தார். கரிவலம்வந்தநல்லூரிலோ பழைய ஏடுகளை நெருப்பில் ஆகுதியாக இட்டுவிட்டனர் என்று கேட்டு மனம் நொந்தார். இவ்விரண்டையும் தம் சரித்திரத்தில் எழுதியுள்ளார். பேணியவரும் நம் நாட்டினரே. எரித்தவரும் நம் நாட்டினரே. நம் குடும்பங்கள் இவ்விரு திறத்தாருள் எத்திறத்தன என்று ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பரணை நோக்கி விடை கூறிக்கொள்க.

குல வரலாறு எழுதப் புகுவோர் பலர், மூவேந்தருள் ஒருவரையோ முனிவருள் ஒருவரையோ தம் குல முதல்வராக நாட்டுவதிற் பெரிதும் முயல்கின்றனர். அதனால் வரும் பெருமை நூலை மூடிய உடனே மறைவது. பாட்டனார் எந்த ஆண்டில் எவ்வூரினின்றும் பெயர்ந்து வந்தார், எவ்வளவு நிலம் எவ்விலைக்கு வாங்கினார், வறட்சிக் காலத்தில் எதனை விற்றார், குலத்தார் கூடிச் சத்திரத்துக்கோ பள்ளிக்கோ யார் யார் எவ்வளவு கொடுத்தனர், பெண்மக்களுள் முதலில் எழுதப் படிக்கக் கற்றவர் யார் என்பவை அல்லவோ மெய்யான வரலாறு? பரதவர் வரலாற்றை இன்று உலகத்து அறிஞர் மதித்து ஆராய்வதற்குக் காரணம், அவர்தம் துன்பமும் இன்பமும் ஆண்டும் நாளும் இட்ட மடல்களில் இருப்பதேயாம். அம்மடல்களில் அவர்க்குப் புகழ் தருவனவும் உள. தாழ்வு தருவனவும் உள. இரண்டும் இருத்தலாலேயே அவை நம்பத்தக்கனவாயின.

ஆதலின், சங்கத்து அன்பர்களுக்கு யாம் வேண்டிக்கொள்வன சிலவே. வீட்டிலுள்ள ஏடுகள், கிரயப் பத்திரங்கள், கணக்குப் புத்தகங்கள், பழைய திருமணப் பத்திரிகைகள், கடிதங்கள் யாவற்றையும் முதலில் ஒரு பட்டியலாக எழுதுக. ஏடுகளைத் தூசு போக்கி, முறையறிந்தாரைக் கொண்டு புல்தைலம் பூசி, பூச்சி அணுகாமற் காக்க. ஒவ்வொன்றையும் படம்பிடித்து, ஒரு படியை வீட்டிலும் ஒரு படியைச் சங்கத்திலும் வைக்க. அரியனவாயிருப்பின் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற்கோ, டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்திற்கோ தெரிவிக்க. முதியோர் சொல்லும் செய்திகளை, அவர் சொல்லும் சொல்லிலேயே, திருத்தாமல் எழுதிக் கொள்க. இப்பணிக்குச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குதல் வேண்டும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டு வர அங்கத்தினர் இசைவரென நம்புகின்றோம். திருமண மண்டபத்திற்குத் தாராளமாகக் கொடுக்கும் நம்மவர், ஏட்டுப் பெட்டிக்கும் கொடுத்தல் அரிதன்று.

பொருநை கொற்கையைத் தூர்த்தது, காயலைத் தூர்த்தது, புன்னைக்காயலின் பழமையையும் மண்ணால் மூடியது. கடலடியில் முத்தெடுத்தவர் கொடுத்த பணத்தாற் பிறந்த தமிழெழுத்தை மாத்திரம் அதனால் மூட முடியவில்லை. நம் குலத்தாரும் அத்தகைய ஒன்றைத் தம் மக்களுக்கு வைத்துச் செல்வாராக.